எங்கள் பைக்கில் வேறு எஞ்சின்

எங்கள் வீட்டில் சண்டை பிடிக்கிற வேலை என்னுடையது. தண்ணீர் பில் பிழையாக வந்தாலும் சரி, கீழ்வீட்டு செலீன் மீன் கழுவிய தண்ணீரைப் படிக்கட்டில் ஊற்றினாலும் சரி, என் புருஷன் நிக்கலஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவேன். அவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படித்தான். தமிழ் ஆம்பிளை ஒரு கடையில் நின்று சத்தம் போட்டால் அவனை வேறு மாதிரிப் பார்ப்பார்கள், ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்பார்கள். பொம்பிளை சத்தம் போட்டால் வாய்க்காரி என்று திட்டிவிட்டுச் சாமானை மாற்றித் தருவார்கள். வாய்க்காரி என்ற குற்றத்துக்காக யாரும் உள்ளே போனதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம். நிக்கலஸ் ஒரு கிளியரிங் கம்பனியில் வார்ஃப் கிளார்க். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் ஆபீசுக்குமாக நாள் முழுவதும் தாள்களோடு ஓட வேண்டிய வேலை. முந்தைய நவம்பரில் கொலன்னாவைப் பக்கம் ஒரு ஷோரூமில் நூறு சீசி பைக் ஒன்று புதிதாக எடுத்தோம். எடுத்த நாளில் பூ மாலை போட்டு, கேக் வெட்டி, கை தட்டித் தந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒழுங்காகச் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. முதல் சர்விசுக்கு விட்டோம், கண்ணாடி உடைந்து வந்தது. இரண்டாம் சர்விசுக்கு விட்டோம், நிரப்பிக் கொடுத்த பெட்ரோல் காணாமல் போயிருந்தது. எஞ்சினுக்குள் கேட்ட கிரீச் கிரீச் சத்தம் மட்டும் போகவில்லை. மூன்றாம் முறை நான் போய் நின்று ஆடியபின், சரி மிஸ், எஞ்சினை இறக்கிப் பார்க்கிறோம், வாரண்டிதானே என்றார்கள். பத்து நாள் வைத்திருந்தார்கள். சித்திரைப் புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னர் பைக் திரும்பி வந்தது. சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடியது. கடைசியில் மனிதர் மாதிரி வேலை செய்திருக்கிறார்கள் என்று நானே வாயால் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துச் சுற்றி வளைத்தார்கள். பூசை முடிந்து வந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். பொலிசும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள். வீட்டு ஆள் பட்டியல், ஐசி, கொழும்பில் தங்கும் தமிழாள் போட வேண்டிய பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் எந்தத் தாளும் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதற்குப் பொறுப்பும் நான்தான். இறங்கப் போகும்போது ஒரு கான்ஸ்டபிள் படிக்கட்டடியில் நின்ற பைக்கைப் பார்த்து, புத்தகத்தைக் கேட்டான். நிக்கலஸ் பதிவுப் புத்தகத்தைக் கொடுத்தார். கான்ஸ்டபிள் குனிந்து, எஞ்சினில் படிந்திருந்த எண்ணெயைப் பெருவிரலால் துடைத்து, பொறித்திருந்த நம்பரைச் சத்தமாக வாசித்தான். புத்தகத்தை வைத்திருந்த சார்ஜன்ட் தலையை ஆட்டினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசி நான்கு இலக்கங்கள் வேறாக இருந்தன.

சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர், மெல்லப் பேசுகிறவர். எங்கே வாங்கினது, யார் திருத்தினது என்றெல்லாம் சிங்களத்தில் விசாரித்தார். நான் பதில் சொன்னேன். நிக்கலஸின் துறைமுகப் பாஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேசனுக்கு வாங்க. இது எப்படி நடந்தது என்று கம்பனி எழுதித் தர வேண்டும். பைக்கும் புத்தகமும் அதுவரை எங்களிடம் இருக்கட்டும்" என்றார்.

"கடிதம் தர மாட்டோம் என்று சொன்னால்?" என்று நான் கேட்டேன்.

"அப்படியென்றால் மாத்தயா உடுப்புப் பையோடு வரட்டும்" என்றார், நிக்கலஸைக் காட்டி, அதே மெல்லிய குரலில்.

அதன் பொருள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையிலிருந்து நிக்கலஸின் ஆபீசுக்கு வரும் சுந்தரலிங்கம், கைப்பேசியில் வேறொருவர் பெயரில் சிம் கார்டு இருந்ததற்காக நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு அவர் யாரோடும் கதைப்பதில்லை. மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். அது வெறும் சிம் கார்டு. இது மோட்டார் சைக்கிள். அந்த நாட்களில் சொந்தக்காரன் இல்லாமல் தெருவோரம் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டால் குண்டென்று பயந்து சனம் தெருவையே மாறி நடந்தது.

செவ்வாய்க்கிழமை நான் கொலன்னாவைக்குப் போனேன். உலகக் கிண்ணக் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த நேரம். ஷோரூமில் எல்லாரும் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றார்கள். சர்விஸ் மனேஜர் சென்ட் மணக்க வந்து நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"மிஸ், அதே மொடல், அதே வருடம். உங்கள் எஞ்சினைவிட இது நல்ல எஞ்சின். சத்தம் இருக்கிறதா? இல்லைதானே?"

"எஞ்சின் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. நம்பர் ஏன் வேறு என்று கேட்கிறேன்."

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். எஞ்சின் மாற்றியதாக அதில் ஒன்றும் இல்லை, ஒயில் சீல் மாற்றியதாகத்தான் இருக்கிறது என்றார். எழுத்தில் தருவதென்றால் ஹெட் ஆபீசைக் கேட்க வேண்டுமாம். ஹெட் ஆபீஸ் ஐயா வெளிநாட்டிலாம். அந்த மனிதருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவருடைய எஞ்சின் நம்பர் மாறியிருந்தால் அவர் ஒரு போன் எடுத்திருப்பார், பொலிஸ் சிரித்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். என் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்பதை அவருக்கு எந்தச் சிங்களத்தில் சொல்வது?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேசையில் அடித்தேன். "இந்த வேலையைச் செய்தவன் யார்? அவனுடைய பெயர், ஐசி நம்பர், எல்லாம் போட்டு எழுதித் தர வேண்டும். கம்பனியில் தவறு நடந்தது என்று சும்மா பூசி மெழுகின கடிதம் எனக்கு வேண்டாம். யார் செய்தானோ அவன் பெயர் வேண்டும்!"

சத்தம் கேட்டுப் பின்பக்க வேலைத்தளத்திலிருந்து நீல ஓவரோல் போட்ட ஒரு மெக்கானிக் கண்ணாடிக் கதவடிக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையைத் துணியில் துடைத்தபடி, "நோனா, எஞ்சின் நல்லது. நானே பூட்டிப் பார்த்தேன். பயப்பட வேண்டாம்" என்றான் சிங்களத்தில்.

நானும் சிங்களத்திலேயே, தம்பி என்பதற்கு மல்லி போட்டு, அவன் மேல் பாய்ந்தேன். "உன் வேலையைப் பார் மல்லி. உனக்கென்ன பயம்? உன் வீட்டைச் சுற்றி ஆமி வளைக்காது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். மனேஜர் வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அன்று பின்னேரம் நிக்கலஸ் சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"டோரின், நீ அவையிட்ட ஒண்டு கேட்டியா?"

"என்ன?"

"எங்கட பைக்ல இருக்கிறது வேற யாரோட எஞ்சினோ. சரி. அப்ப என்ட எஞ்சின் எங்க?"

நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் பைக்கில் நிற்கும் அந்நிய எஞ்சினைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தேனே தவிர, புத்தகத்தில் இவர் பெயரில் பதிந்த எஞ்சின் ஒன்று ஊரில் எங்கேயோ, யாருடைய காலடியிலோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. குண்டு வெடித்தால் பொலிஸ் முதலில் தேடுவது எஞ்சின் துண்டைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பைக் சுக்குநூறானாலும் எஞ்சினில் பொறித்த நம்பர் தப்பிவிடுமாம். அந்த நம்பர் நேரே எங்கள் படிக்கட்டுக்கு வரும்.

"வெடிச்சா என்னைத்தான் தேடி வருவாங்க" என்றார் நிக்கலஸ். பிறகு எழும்பிப் போய் ஒரு பையை எடுத்தார். இரண்டு சாரம், ஒரு துவாய், சவர்க்காரம், பல் பிரஷ், செபமாலை. ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். நான் திட்டினேன், பையைப் பறித்தேன், வெள்ளிக்கிழமைக்கு முதல் கடிதத்தோடு வருவேன் என்று சத்தியம் செய்தேன். ஓம் ஓம் என்றார். நான் அடுப்படிக்குப் போன பிறகு பையைத் திரும்ப எடுத்து, மறந்துபோன மருந்துக் குளிசையை உள்ளே வைத்தார்.

புதன்கிழமை காலை செலீன் வீட்டு ரேடியோவில் செய்தி போனது. வடக்கே எங்கேயோ மோட்டார் சைக்கிளில் வைத்த குண்டு வெடித்ததாம். இத்தனை பேர் காயம், இத்தனை பேர் சாவு. நான் படிக்கட்டில் நின்றுவிட்டேன். சிலுவை போட்டுக்கொண்டு செபித்தேன். எதற்காகச் செபித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செத்தவர்களுக்காக அல்ல. அந்தோனியாரே, அது எங்கள் எஞ்சினாக இருக்கக்கூடாது என்று செபித்தேன். செலீன் என்னைப் பார்த்து, "பாவங்கள், என்ன டோரின்" என்றாள். "ஓம், பாவங்கள்" என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் மத்தியானச் செய்தியையும் இரவுச் செய்தியையும் விடாமல் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை ஷோரூம் கதவைத் திறக்க முன்னரே நான் வாசலில் நின்றேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிதம் கையில் வரும்வரை எழும்ப மாட்டேன் என்றேன். பதினொரு மணிக்கு ஒரு புதுப் பைக்குக்கு மாலை போட்டுக் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், "இங்கே வாங்காதீங்க, எஞ்சினை மாற்றிப் போடுவார்கள்" என்று சொன்னேன். மூன்றாவது ஆள் திரும்பிப் போனதும் மனேஜர் உள்ளே போய் டைப் அடிக்கத் தொடங்கினார். ஒரு மணிக்கு என்வலப்பைக் கையில் தந்தார்.

"மிஸ் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒன்றும் குறையவில்லை" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிங்களம் பேசத் தண்ணீர் பட்ட பாடு. வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று விரலை வைத்து வாசித்தேன். மூன்று எஞ்சின்கள் ஒரே நேரத்தில் இறக்கப்பட்டன, கவனக்குறைவால் மாற்றிப் பூட்டப்பட்டன, வாடிக்கையாளர் மேல் தவறில்லை. எனக்கு மூச்சு வந்தது. அதற்குக் கீழே, இத்தவறைச் செய்த ஊழியர். பெயர். கா, லி, யப், பன். காளியப்பன். ஐசி நம்பர். நான் மறுபடி கூட்டி வாசித்தேன். அதே பெயர்தான் வந்தது.

"அக்கா."

திரும்பினேன். நீல ஓவரோல். செவ்வாய்க்கிழமை நான் பாய்ந்த அதே மெக்கானிக். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. நான் அவனைச் சிங்களவன் என்று நினைத்து என்னென்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"அக்கா, ஒங்க பைக்க நான்தான் பூட்டுனேன். வேணுமின்னு செய்யல்லங்க. மூனு எஞ்சினும் ஒரே மேசயில இருந்திச்சி. சோக்குக் கட்டியால நம்பர் போட்டிருந்தேன், பெட்ரோல் ஊத்திக் கழுவயில அழிஞ்சிருச்சி. அன்னிக்கி ராத்திரி மெயில் ரயிலப் புடிச்சாத்தான் வருசப் பொறப்புக்கு ஹட்டன் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். எது முடிஞ்சிருந்திச்சோ அத எடுத்துப் பூட்டிட்டு ஓடிட்டேன்."

"தமிழ் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கடையில நாங்க தமிழ் பேசுறதில்லிங்க. எல்லாருக்கும் நான் காலிதான்." அவன் என் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "ஒங்க எஞ்சின் குருநாகல்ல ஒரு ஸ்கூல் மாஸ்டர் பைக்ல இருக்கு. நேத்து நானே போன் பண்ணி நம்பரப் பாத்துச் சொல்லச் சொன்னேன். நல்ல மனுசன். நீங்க அத நெனச்சிப் பயப்படாதீங்க."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. இறக்கி வைத்தவன் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என் பேர மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்க. சிங்களப் பேரா இருந்தா தவறுன்னு எழுதுவாங்க. எம் பேரப் பாத்தா, தமிழன் தமிழனுக்கு எஞ்சின மாத்திக் குடுத்திருக்கான்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் சேந்து செஞ்சதாம்பாங்க."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் திரும்ப உள்ளே போனேன். மனேஜரிடம் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் முதல் முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை பெயர் வேண்டும் என்று மேசையில் அடித்தது நீங்கள்தானே? பெயர் இல்லாமல் போனால் கம்பனியின் தவறாகிவிடும். அதற்கு ஹெட் ஆபீஸ் கையெழுத்துப் போடாது. இது என் கையெழுத்து, இப்படியே கொண்டுபோங்கள். காலி நல்ல வேலைக்காரன், பொலிஸ் கேட்டால் நானே சொல்கிறேன்."

கத்தினேன். கெஞ்சினேன். கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை, சரியாக வரவும் இல்லை. அவர் டெலிபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் அதே தாளோடு வெளியே வந்தேன். காளியப்பன் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான்.

"பரவால்லக்கா. நீங்க குடுங்க. ஒங்க வீட்டு அய்யாவக் காப்பாத்துங்க. நான் நாளக்கி ராத்திரி மெயில்ல ஏறிருவேன். இன்னிக்கே போயிருப்பேன், லெட்டர் எழுத மனேஜர் ஐசிய வாங்கிட்டாரு, நாளக்கி சாயங்காலந்தான் தருவாராம். ஐசி இல்லாம ரயில் ஸ்டேசன் கேட்டுக்கே போக முடியாது. நாளக்கி வேல முடிஞ்சி என் கூட்டாளி வாங்கிட்டு வருவான். அது வரைக்கும் ரூம விட்டு வெளிய வர மாட்டேன்."

"எங்க இருக்கிறீர்? பதிவு இருக்கா?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன்? வேறு ஒன்றுக்குமில்லை, பழக்கம். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழாள் இன்னொரு தமிழாளிடம் சுகமா என்று கேட்க முன்னர் இந்த இரண்டையும்தான் கேட்போம். எங்க இருக்கிறீர், பதிவு இருக்கா.

"மட்டக்குளிங்க. பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னால, ஐஸ் கம்பனி ஒழுங்கையில மேல் ரூம். பதிவு இல்லிங்க, வீட்டுக்காரரு போட விடல்ல. கம்பனியில ஊருத் தேயிலத் தோட்டத்து விலாசம்தான் குடுத்திருக்கேன். இந்த எடம் யாருக்கும் தெரியாது." பஸ் வந்தது. அவன் பின்னால் வந்து, "புள்ளைங்க ரெண்டு இருக்குக்கா" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீர் பயப்படாம போம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நிக்கலஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "பாவம் அந்த மனிசன்" என்றார். நாளை காலை பத்து மணிக்குக் கொடுத்தால், இரவு எட்டு மணிக்கு அவன் ரயிலில் இருப்பான், நடுவில் பத்து மணித்தியாலம்தானே, பொலிசில் எந்த வேலை பத்து மணித்தியாலத்தில் நடந்திருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கணக்குப் போட்டோம். கேட்டால் தெரியாது என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். அதைக்கூடச் சொல்ல முடியாதா எனக்கு?

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே ஸ்டேசன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நிக்கலஸ் பையைக் கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

நான் கத்தலுக்குத் தயாராகப் போயிருந்தேன். சார்ஜன்ட் கத்தியிருந்தால் எனக்கு எல்லாம் சரியாக வந்திருக்கும். அவர் எழும்பி, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க நோனா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை ஆறுதலாக, அவசரமில்லாமல் வாசித்தார். மேசை லாச்சியைத் திறந்து எங்கள் புத்தகத்தையும் சாவியையும் எடுத்து மேசையில் வைத்தார். நிக்கலஸ் கையை நீட்டினார். சார்ஜன்ட் அவற்றை அவர் பக்கம் தள்ளவில்லை. புத்தகத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார்.

"மாத்தயாவின் மேல் பிழை இல்லை. எனக்கு விளங்குகிறது." கடிதத்தை மறுபடி பார்த்தார். "இந்தக் காளியப்பன் தமிழாளா?"

"தெரியாது சேர்" என்றேன். அந்தப் பொய் சுகமாக வந்தது.

"காலையில் கம்பனிக்குப் போன் பண்ணினேன். இன்றைக்கு வேலைக்கு வரவில்லையாம். தவறு செய்தவன் ஏன் ஒளிய வேண்டும்?" அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நோனா அங்கே இரண்டு நாள் போயிருக்கிறீர்கள். அவனோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினீர்கள் என்று மனேஜர் சொல்கிறார். அவன் எங்கே தங்கியிருக்கிறான்?"

தெரியாது. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கில் வந்து நின்றது. சார்ஜன்ட் எங்கள் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். லாச்சி திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் நிக்கலஸ் பையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்துச் சாப்பிடும் சுந்தரலிங்கத்தின் முதுகு என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மட்டக்குளி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மட்டக்குளி பெரிய இடம். அவர் பேனாவைத் திறந்துகொண்டு, "மட்டக்குளியில்?" என்றார் மரியாதையாக. "பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஐஸ் கம்பனி ஒழுங்கை. மேல் ரூம்."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, நன்றி நோனா என்றார். புத்தகத்தையும் சாவியையும் நிக்கலஸின் கையில் கொடுத்தார். காலையில் கம்பனி சொல்லியிருந்த குருநாகல்காரரோடு எஞ்சினை மாற்றும்வரை கடிதத்தின் கொப்பி ஒன்றைப் பைக்கில் வைத்திருக்கும்படி புத்திமதியும் சொன்னார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. முற்றத்து மூலையில் எங்கள் பைக் தூசி படிந்து நின்றது. நிக்கலஸ் அதைத் தள்ளிக்கொண்டு வர முன்னரே இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடிப்போய் ஜீப்பில் ஏறினார்கள். எந்த வேலையும் பத்து மணித்தியாலத்தில் நடக்காத பொலிஸ், பத்து நிமிஷத்தில் கிளம்பியது.

"மட்டக்குளிக்கு விடுங்க" என்றேன். "ஒழுங்கையால போனா ஜீப்புக்கு முந்திப் போயிரலாம். கெதியா!"

நிக்கலஸ் என்னைப் பார்க்கவில்லை. பையைப் பெட்ரோல் டாங்கியின் மேல் வைத்துக்கொண்டு சாவியைப் போட்டார்.

"எங்களை அங்க கண்டா, மூண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏத்துவாங்க" என்றார். பிறகு, கலியாணம் முடித்த பதினொரு வருடத்தில் ஒருநாளும் பேசாத ஒரு பரிவோடு, "நீ சொல்லியிருக்காட்டி நான் சொல்லியிருப்பன் டோரின்" என்றார்.

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கேட்டடியில் ஜீப் எங்களுக்கு வழிவிட்டு நின்றது. உள்ளேயிருந்த கான்ஸ்டபிள், போங்க போங்க என்று கையைக் காட்டினான். நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினோம். ஜீப் மட்டக்குளிப் பக்கம் திரும்பும் சத்தம் பின்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.